பத்து ரூபாய் வில்லையும் பதினைந்தாம் பிரிவும்: ராமநாதபுரம் கடற்கரையில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் – ஒரு பயன்பாட்டு மதிப்புரை

விலை பத்து ரூபாய். முத்திரைத்தாள் விற்பவரிடம் நீதிமன்றக் கட்டண வில்லையாக, பேச்சு வழக்கில் கோர்ட் ஃபீ ஸ்டாம்பாகக் கிடைக்கும். வெள்ளைத்தாளின் மேல் ஓரத்தில் ஒட்டி, கீழே கேள்வியை எழுதி, உரிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வராத வீடானாலும், கண்மாய் தூர்வாரிய கணக்கு இடிக்கிற ஊரானாலும், பேச்சு கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: "ஒரு ஆர்டிஐ போட்டு விடுங்கண்ணே." போட்டவர்களில் சிலர் கையில் நகலோடு நிற்கிறார்கள். பலர் "அதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்கிறார்கள்.

ஆர்டிஐ என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 அக்டோபர் 12 முதல் புழக்கத்தில் இருக்கும் சேவை. ஒருவருக்கு வேலை செய்வது பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் படுத்துவிடுகிறது? பொருளில் குறை இருக்கிறது, அதைப் பின்னால் பார்ப்போம். ஆனால் முதல் குறை பிடிக்கிற விதத்தில் இருக்கிறது. இதை மனு என்று நினைத்துப் போடுகிறார்கள். இது மனு இல்லை, கணக்குக் கேட்கிற சீட்டு.

நம் கை மனு எழுதிப் பழகிய கை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போகிற தாள் "ஐயா அவர்கள் கருணை கூர்ந்து" என்று தொடங்கி, "ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடியும். அரசு நடத்தும் முகாமுக்கே 'மனுநீதி நாள்' என்று பெயர். அந்தக் கதையில் மணியை அடித்தது பசு, தீர்ப்புச் சொன்னது சோழன். பசுவுக்கு மணியடிக்க வசதி இருந்தது. அரண்மனைக் கணக்கைப் புரட்டிப் பார்க்க வசதி இல்லை. ராஜா நல்லவராக வாய்த்தால் நல்லது நடக்கும், அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த அறிவொளிச் சிந்தனை புரட்டிப் போட்டது இந்த ஏற்பாட்டைத்தான். 1689இல் அச்சேறிய எழுத்தில் இங்கிலாந்தின் தத்துவவாதி ஜான் லாக் சொன்னதை நம்மூர்ச் சொல்லில் சொல்வதானால், அரசன் ஊருக்குச் சொந்தக்காரன் இல்லை, தர்மகர்த்தா. மக்கள் ஒரு காரியத்துக்காக ஒப்படைத்த பொறுப்பு அது. காரியம் கெட்டால் பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. முளைப்பாரியோ, சந்தனக்கூடோ, மாதா திருவிழாவோ, முடிந்த கையோடு வரவு செலவு நோட்டீஸ் வராவிட்டால் வரி கொடுத்தவன் சும்மா இருக்க மாட்டான். திருவிழாக் கணக்கில் இருக்கிற அந்த மிடுக்கு, அரசு அலுவலக வாசலில் ஏறும்போது மட்டும் இறங்கிவிடுகிறது.

லாக்கின் யோசனை சட்ட வாசகமாக மாற நூறு ஆண்டு பிடித்தது. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பு, பொதுப்பணம் முழுவதன் வரவு செலவுக் கணக்கையும் அவ்வப்போது வெளியிட வேண்டும் என்றது. 1789 ஆகஸ்ட் 26இல் பிரெஞ்சு தேசிய சபை நிறைவேற்றிய உரிமைப் பிரகடனம் இன்னும் தெளிவு. அதன் 14ஆம் பிரிவு, வரி எதற்குத் தேவை, எப்படிச் செலவாகிறது என்று அறியும் உரிமையைக் குடிமக்களுக்குக் கொடுத்தது. 15ஆம் பிரிவு ஒரே வரி: பொது ஊழியர் எவரிடமும் அவருடைய நிர்வாகத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை சமுதாயத்துக்கு உண்டு. நீங்கள் ஒட்டும் பத்து ரூபாய் வில்லைக்குள் இருக்கும் சரக்கு இந்த ஒரு வரிதான்.

நம் சட்டத்தில் இதன் நேர் வாரிசு பிரிவு 6(2). கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு, காரணம் சொல்ல வேண்டும் என்று எழுதியது. சில நாட்களிலேயே நீதிமன்றம் தானாக முன்வந்து அந்தப் பத்திகளை நீக்கிவிட்டது. ஆகவே "நான் ஏழை மீனவன், மூன்று பிள்ளைகள்" என்று தாளை நிரப்ப வேண்டாம். இடமும் வீண், தோரணையும் தப்பு.

தயாரிப்பு எங்கே தொடங்கியது என்று பார்த்தால் பாரிசுக்கும் முன்னால் ஒரு கடற்கரைக்குப் போக வேண்டியிருக்கிறது. அன்றைக்கு ஸ்வீடன் ஆட்சியில் இருந்த, இன்றைக்குப் பின்லாந்தில் இருக்கிற போத்னியா வளைகுடாக் கரை. அங்குள்ள துறைமுகங்கள் வெளிநாட்டுக்கு நேராகச் சரக்கு அனுப்பக் கூடாது. தாரும் மரமும் ஸ்டாக்ஹோம் வழியாகத்தான் போக வேண்டும், விலையும் அங்கேதான். கரையில் உழைப்பவன் ஒருவன், கணக்குப் பார்ப்பவன் தலைநகரில் இன்னொருவன் என்கிற ஏற்பாடு நம் மீன் இறங்குதளங்களில் நிற்பவர்களுக்குப் புதிதில்லை. அந்தப் பகுதியின் சிற்றூர்ப் பாதிரியார் ஆண்டர்ஸ் கிடேனியஸ், 1765–66 ஸ்வீடன் நாடாளுமன்றத்துக்குக் குருமார் பிரதிநிதியாகப் போனார். அந்தக் கரையின் வணிகத் தடையைத் தளர்த்த வாதாடியவர், கூடவே வேறொன்றையும் பிடித்துக்கொண்டார்: அரசு ஆவணங்கள் பூட்டிக் கிடக்கிற வரை எந்தச் சுதந்திரமும் நிலைக்காது. 1766 டிசம்பர் 2இல் வந்த அச்சுச் சுதந்திரச் சட்டம் அரசியல் எழுத்துக்கு இருந்த முன் தணிக்கையை நீக்கியது. அரசு ஆவணங்களை எவரும் கேட்டு வாங்கி அச்சிடலாம் என்றது. உலகில் இந்த வகைச் சட்டங்களில் முதலாவது அது. (கிடேனியஸுக்குக் கிடைத்த பரிசு: நாணயக் கொள்கையை விமர்சித்து எழுதியதற்காகச் சொந்தக் கட்சிக்காரர்களே அவரை அதே ஆண்டு சபையிலிருந்து வெளியேற்றினார்கள்.)

சட்டம் ஆறு வருடம்கூட முழுப் பலத்தோடு ஓடவில்லை. 1772இல் மூன்றாம் குஸ்தாவ் அரசர் ஆட்சியைத் தன் கைக்குள் கொண்டுவந்தார், 1774இல் அந்தச் சுதந்திரத்தை இறுக்கினார். இந்தப் பொருளை வாங்குகிறவர்கள் மனதில் வைக்க வேண்டிய முதல் எச்சரிக்கை இதுதான். இது உடைந்து போவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும்.

இந்தியாவுக்கு வந்த வழி வேறு. 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் கதவைச் சாத்தி வைத்திருந்தது. 1975இல் ராஜ்நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கே.கே. மேத்யூ, பொது ஊழியர்கள் பொதுவில் செய்யும் ஒவ்வொரு செயலையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று எழுதினார். ஆனாலும் சாவியைத் திருப்பியது நீதிமன்றமல்ல, ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள். 1990இல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அவர்களுடைய அமைப்பு, பஞ்சாயத்தின் மஸ்டர் ரோலை, அதாவது வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை, ஊர் நடுவில் உரக்கப் படித்தது. செத்துப்போனவர்கள் பெயரில் கூலி வாங்கப்பட்டது அப்போதுதான் தெரிந்தது. "நம்ம பணம், நம்ம கணக்கு" என்பது அவர்களுடைய முழக்கம். பிரெஞ்சுப் பிரகடனத்தின் 14, 15ஆம் பிரிவுகளை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. தமிழ்நாடு 1997லேயே தனிச் சட்டம் போட்டது, இந்தியாவில் முதல் மாநிலமாக. விலக்குகள் நீளமாக இருந்ததால் பெரிதாகப் புழங்கவில்லை.

இனி, பயன்படுத்தும் முறை.

யார் பெயரில் போடுவது? பிரிவு 3 'குடிமக்கள் அனைவருக்கும்' என்கிறது. சங்கத்தின் லெட்டர்ஹெட்டில், செயலாளர் முத்திரை வைத்து, பெயரில்லாமல் போட்டால் 'சங்கம் குடிமகன் அல்ல' என்று ஒரே வரியில் திரும்பி வரும். விசைப்படகுச் சங்கமோ நாட்டுப்படகுச் சங்கமோ, ஒரு ஆளின் பெயரில் போடுங்கள். முடிந்தால் பெண்கள் பெயரில் போடுங்கள். 1789 பிரகடனம் சமுதாயம் என்று சொன்னபோது பெண்ணை அதில் எண்ணவில்லை. 1791இல் ஒலாம்ப் து கூஜ் என்ற பெண் அந்தப் பிரகடனத்தைப் பிரிவு பிரிவாகத் திருப்பி எழுதினார். அவருடைய 15ஆம் பிரிவு, வரியில் பங்கு கொடுக்கும் பெண்கள் கூட்டம் எந்தப் பொது ஊழியரிடமும் கணக்குக் கேட்கலாம் என்றது. 1793இல் கில்லட்டினில் அவர் தலை போயிற்று. மரிக்கொழுந்துப் பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகிற பாம்பன், மண்டபம் பெண்களின் சேமிப்பு–நிவாரணத் திட்டத்தில் அவர்கள் கட்டிய பணமும் இருக்கிறது. கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான். குடும்பம் வறுமைக் கோட்டுக்குக் கீழ் என்று சான்று இருந்தால் பத்து ரூபாயும் வேண்டாம்.

எந்த அலுவலகம் என்பதில்தான் கடற்கரைக்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். இங்கே ஒரே கரையில் இரண்டு அரசுகள் உட்கார்ந்திருக்கின்றன. மீன்வளத் துறை, வருவாய்த் துறை, ஊராட்சி, மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவைப் பார்க்கும் வனத்துறை எல்லாம் மாநில அரசு. பாம்பன் ரயில் பாலம், மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம், கடலோரக் காவல் படை, இலங்கை பிடித்துவைத்த படகுகள் பற்றிய வெளியுறவுத் துறைத் தகவல், இவை ஒன்றிய அரசு. மாநில அலுவலகத்துக்குக் கோர்ட் ஃபீ வில்லை செல்லும். ஒன்றிய அரசு அலுவலகத்துக்கு அது செல்லாது; பத்து ரூபாய்க்குப் போஸ்டல் ஆர்டர் அல்லது இணையதளத்தில் பணம். வில்லை ஒட்டி ரயில்வேக்கு அனுப்பினால் கட்டணம் வரவில்லை என்று திரும்பும், ஒரு மாதம் போகும். தப்பான அலுவலகத்துக்குப் போன கேள்வியை ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை, பிரிவு 6(3). ஆனால் தொண்டிப் பக்கம் வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட கடற்பாசிப் பூங்கா மாதிரி, இரண்டு அரசுப் பணமும் கலந்த திட்டமானால் ஒரே தாளில் எல்லாவற்றையும் கேட்காதீர்கள். ஒன்றிய அரசு தந்த நிதிக்கு ஒரு தாள், மாநிலத் துறை செய்த வேலைக்கு ஒரு தாள். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் தாள் இரண்டு மேசைக்கும் நடுவில் தொங்கும்.

கேள்வி எழுதுவதில்தான் உயிர் இருக்கிறது. "எங்கள் ஊரில் நாற்பது பேருக்கு நிவாரணம் ஏன் வரவில்லை? காரணமானவர்கள் மீது நடவடிக்கை எப்போது?" இப்படி எழுதினால் "தகவல் என்ற வரையறைக்குள் வரவில்லை" என்று பதில் வரும். எரிச்சலாக இருந்தாலும் அந்தப் பதிலுக்குச் சட்ட ஆதாரம் இருக்கிறது. ஏற்கெனவே ஆவணமாக இருப்பதைத் தருவதுதான் அலுவலர் வேலை. புதிதாகத் தொகுத்துத் தரவோ கருத்துச் சொல்லவோ தேவையில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'ஏன்' என்று கேட்டால் கதவு சாத்தும், 'எந்தப் பக்கத்தில்' என்று கேட்டால் திறக்கும். அதே விஷயத்தை இப்படி எழுதலாம்:

"இன்ன ஆண்டு மீன்பிடித் தடைக்கால நிவாரணம் தொடர்பாக, இன்ன கிராமத்துக்கு: (1) தகுதி வரையறை உள்ள அரசாணையின் நகல். (2) பெறப்பட்ட, ஏற்கப்பட்ட, நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களின் பதிவேட்டுப் பக்கங்களின் நகல். (3) நிராகரிப்பு முடிவு எடுக்கப்பட்ட கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல். (4) தொகை வங்கிக்கு அனுப்பப்பட்ட கடிதங்களின் நகல், தேதியுடன்."

மூன்றாவது கேள்விதான் கொக்கி. கோப்பின் பச்சைத்தாள் குறிப்புகளில், யார் என்ன எழுதி யாருக்கு நகர்த்தினார்கள் என்று 'ஏன்' கேள்விக்கான பதில் முழுவதும் இருக்கும். வங்கிக் கணக்கில் பெயரின் இனிஷியல் மாறியது, ஒரே ரேஷன் அட்டையில் இரண்டு விண்ணப்பம் என்று அற்பக் காரணமாகவும் இருக்கலாம். ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் அந்த அற்பக் காரணத்தில் நின்றுவிடும்.

பாதிக்கப்பட்டவரே கேட்கிறார் என்றால் இன்னொரு சாவி உண்டு, பெரும்பாலோர் தொடாதது. பிரிவு 4(1)(டி): ஒரு நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணத்தைச் சொல்வது அலுவலகத்தின் கடமை. அப்போது மட்டும் 'ஏன்' என்று தைரியமாக எழுதலாம், பிரிவு எண்ணைப் போட்டு.

வேலைகளைப் பற்றிய கேள்வி என்றால் எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், பில், இவற்றோடு எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் நகலைக் கேட்காமல் விடாதீர்கள். கண்மாய் தூர்வாரியதில் மண் எவ்வளவு போனது என்பது அதில்தான் இருக்கும். நூறு மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் என்று எழுதியிருந்தால் ஆயிரம் கன மீட்டர். ஒரு யூனிட் நூறு கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். மூன்று யூனிட் டிப்பரில் கிட்டத்தட்ட 118 லோடு. வெட்டிய மண் பொங்கும், ஆகவே உண்மையில் அதைவிடக் கூடுதலாகத்தான் போயிருக்க வேண்டும். கரையில் இருந்தவர்கள் நாற்பது லோடுதான் பார்த்தார்கள் என்றால், பிறகு வாதம் தேவையில்லை. கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு, பேவர் பிளாக் சாலை போன்றவற்றில் போட்ட பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியையே எடுத்துக்கொள்ள பிரிவு 2(ஜே) இடம் தருகிறது. யாரும் கேட்பதில்லை என்பதால் கேட்டதும் அலுவலகம் கொஞ்சம் திகைக்கும்.

கணக்கு வந்தாலும் முழுக் கணக்குதானா என்று பார்க்க வேண்டும். இதற்குப் பாடம் 1781இல் இருக்கிறது. பிரெஞ்சு அரசின் நிதி நிர்வாகத்தைக் கவனித்த ஜாக் நெக்கர், அதுவரை ரகசியமாக இருந்த அரச கஜானாக் கணக்கை முதன்முறையாக அச்சிட்டு வெளியிட்டார். ஊரே வாங்கிப் படித்தது. ஒரு கோடி லிவருக்கு (அன்றைய பிரெஞ்சு நாணயம்) மேல் உபரி என்று அதில் இருந்தது. போட்ட எண்களில் பெரிய தப்பில்லை, போடாமல் விட்டதில்தான் தப்பு. அது சாதாரண வரவு செலவு மட்டும். அமெரிக்கப் போருக்குக் கடன் வாங்கிக் கொட்டிய பணம் 'அசாதாரண' கணக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. எட்டு ஆண்டுகளில் கஜானா திவாலாகி, புரட்சி வந்து நின்றது. ஊராட்சிக் கணக்கிலும் இதே விளையாட்டுக்கு வாய்ப்பு உண்டு. பொது நிதி ஒரு கணக்கு, நிதிக்குழு மானியம் ஒரு கணக்கு, குடிநீர் ஒரு கணக்கு, வேலைத் திட்டம் தனிக் கணக்கு. ஒன்றைக் கேட்டால் ஒன்றுக்கு மட்டும் பதில் வரும், அது உண்மையாகவும் இருக்கும். "இன்ன காலத்தில் ஊராட்சி இயக்கிய எல்லா வங்கிக் கணக்குகளின் பாஸ்புக் பக்கங்கள்" என்று எழுதுங்கள்.

டெலிவரி. முப்பது நாள் என்பது அலுவலகத்தில் தாள் சேர்ந்த தேதியிலிருந்து, நீங்கள் போஸ்ட் செய்த தேதியிலிருந்து அல்ல. பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. அனுப்பிய ரசீதையும் இணையத்தில் வரும் டெலிவரி விவரத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுப்பதானால் உங்கள் பிரதியில் தபால் பிரிவு முத்திரையும் தேதியும் வாங்காமல் படியிறங்காதீர்கள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். கரைக்கு ஆள் திரும்பாத நேரத்தில், தேடல் நடக்கிறதா என்று கேட்க இது பொருந்தும்.

நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். பணம் கட்டச் சொல்லும் கடிதம் 29ஆம் நாளில் கிளம்பி வருவது வழக்கமான ஒன்று. அந்தக் கடிதம் புறப்பட்ட நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டுகிற நாள் வரை கெடுவில் சேராது, ஆகவே தாமதிக்காமல் கட்டிவிட வேண்டும். முப்பது நாள் தாண்டிய பிறகு பணம் கேட்டால் கட்டத் தேவையில்லை. பிரிவு 7(6)படி இலவசமாகத் தர வேண்டும். பக்கங்கள் ஏராளம் என்றால் நகலே வேண்டாம், நேரில் போய்ப் பார்வையிடுங்கள். முதல் ஒரு மணி நேரம் இலவசம். கோப்பைப் புரட்டிக் குறிப்பெடுத்து, வேண்டிய ஐந்து பக்கத்துக்கு மட்டும் பணம் கட்டலாம். இந்தச் சேவையில் சிறந்த வசதி இதுதான். ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் 1795இல் சொன்ன சோதனை ஒன்று உண்டு: பிறர் உரிமையைத் தொடுகிற ஒரு செயல், அதன் நோக்கத்தை வெளியே சொன்னால் நடக்காது என்றால் அது அநியாயம். உங்கள் முன்னால் கோப்பு வந்து திறக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் காண்ட் சொன்னதற்கு நடைமுறை உருவம்.

நிராகரிப்புகளில் அடிக்கடி கண்ணில் படுவது 8(1)(ஜே), தனிநபர் தகவல். பயனாளிகள் பட்டியலைக் கேட்டால் இதைக் காட்டுவார்கள். எதிர்ச் சீட்டு: பிரிவு 4(1)(பி), உட்பிரிவு 12. மானியத் திட்டங்களில் ஒதுக்கிய தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது அது. கணக்கு எண், ஆதார் எண் வேண்டாம் என்று நீங்களே எழுதிவிட்டால் மறுக்கக் காரணம் குறையும். ஆனால் இந்த இடத்தில் பொருள் முன்பு போல் இல்லை. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்று பழைய 8(1)(ஜே)யின் அடியில் ஒரு வரி இருந்தது. மண்டபத்தில் வலை பின்னுகிற ஆளும் எம்.பி.யும் கேள்வி கேட்பதில் ஒரே தட்டு என்று சொன்ன வரி. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை எடுத்துவிட்டது, 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. குஸ்தாவ் அரசர் செய்த வேலையின் சின்ன உரு. மிச்சம் இருப்பது பிரிவு 8(2): பொதுநலன் பெரிது என்று காட்டினால் விலக்கையும் தாண்டித் தரலாம். ஆகவே காரணம் சொல்லத் தேவையில்லாத சட்டத்தில், தனிநபர் விவரம் உள்ள கேள்விக்கு மட்டும் இப்போது ஒரு வரி பொதுநலன் காரணம் எழுதி வைப்பது நல்லது.

8(1)(ஏ), நாட்டுப் பாதுகாப்பும் வெளிநாட்டு உறவும், இந்தக் கரையில் தவிர்க்க முடியாதது. பிடிபட்ட படகுகளின் எண்ணிக்கையைக் கேட்பது ஒன்று, இரு அரசுகளும் எழுதிக்கொண்ட கடிதத்தைக் கேட்பது வேறொன்று. இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் முதலாவதும் சேர்ந்து நிற்கும்.

உத்தரவாதம், அதாவது மேல்முறையீடு. பதில் வராவிட்டாலும், வந்தது அரைகுறை என்றாலும், முப்பது நாளுக்குள் அதே துறையின் மேல் அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. கட்டணம் இல்லை. அவருக்கு முப்பது நாள், மிஞ்சினால் நாற்பத்தைந்து. அதிலும் தீரவில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. தாளில் எழுத மறக்கக் கூடாத பிரிவு 19(5): மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு மறுத்த அலுவலருடையது, கேட்டவருடையதல்ல. நியாயமின்றித் தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அலுவலரின் சொந்தப் பையிலிருந்து. அரசுச் சட்டங்களில் இப்படிப் பல் வைத்தவை குறைவு. கடிக்கிறதா என்பது வேறு கேள்வி.

இந்த உத்தரவாதம்தான் பொருளின் பலவீனமான பாகம். இரண்டாம் மேல்முறையீடு விசாரணைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் மோந்தெஸ்கியூ 1748இல் சொன்னது, அதிகாரத்தை அதிகாரமே தடுத்து நிறுத்தும்படி ஏற்பாடு இருக்க வேண்டும் என்று. தகவல் ஆணையர்களுக்கு ஐந்து ஆண்டு நிலையான பதவிக்காலமும் உயர் சம்பளமும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது அதற்காகத்தான். 2019 திருத்தம் இரண்டையும் ஒன்றிய அரசு விதி போட்டுத் தீர்மானிக்கும்படி மாற்றியது. காலம் மூன்று ஆண்டாகக் குறைந்தது. கணக்குக் கேட்பவருக்குத் தீர்ப்புச் சொல்பவரின் நாற்காலி, கணக்குக் கொடுக்க வேண்டியவரின் கையில். நம் மதிப்பெண்ணில் பெரிய வெட்டு இங்கேதான் விழுகிறது.

போட்டிப் பொருட்கள்: முதல்வரின் உதவி எண் 1100 விரைவு, தெரு விளக்குக்கு, குடிநீருக்கு அதுவே போதும், ஆனால் ஆவணம் கைக்கு வராது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே கணக்கு வாசிக்கிற வேகத்தில் காதில் விழுவது தலைப்பு மட்டும்தான். முன்கூட்டியே எம்-புக் நகலை வாங்கி வைத்துக்கொண்டு அன்று எழுந்து நின்றால் கதை வேறு. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்தபோது, கேட்பதற்குத் தலைவரே இல்லாத ஊர்களில் கைவசம் இருந்தது இந்தத் தாள்தான்.

விசைப்படகுக்காரர்களுக்கு நாட்காட்டி சாதகமாக விழுகிறது. கிழக்குக் கரைத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். தாள் ஏப்ரல் 15 அன்று அலுவலகத்தில் சேரும்படி அனுப்பினால் பதிலுக்குக் கெடு மே 15. பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் ஜூன் 14, படகு இறங்குவதற்கு முந்தின நாள். அன்று ஐஸ் ஏற்றவும் டீசல் பிடிக்கவும் ஆள் அலைந்துகொண்டிருக்கும், தபால் நிலையத்துக்குப் போக நேரம் இருக்காது. ஜூன் முதல் வாரமே அனுப்பிவிடுங்கள். முதல் தாளின் நகல், டெலிவரி விவரம் இரண்டையும் பின்னால் பின் அடித்து.